கடல் கரைக்காத குப்பை

(நம் பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இந்த ஜூபிலி ஆண்டில் பல நல்ல விஷயங்களைப் பற்றிப் பேசுவதற்கு அறிஞர்கள் அழைக்கப்பட்டிருக்கிறார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு கடல். கிண்டியில் குடியிருக்கும் நமக்குக் கடலைப் பற்றி என்ன கவலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். கடற்கரைக்குப் போக வேண்டுமானால் நாம் பஸ் ஏற வேண்டும். ஆனால் நம் தெருவில் விழுந்த ஒரு பாலிதீன் பை டிக்கெட் வாங்காமலே கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அது எப்படிப் போகிறது, போன பிறகு என்ன ஆகிறது, அதைக் கடல் ஏன் ஜீரணித்துக்கொள்ள முடிவதில்லை என்ற மூன்று கேள்விகளை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

கடலின் குணங்கள்

பூமியின் மேற்பரப்பில் நூற்றுக்கு 71 பங்கு கடல். உலகிலுள்ள தண்ணீரில் நூற்றுக்கு 97 பங்கு கடல் நீர். அதன் சராசரி ஆழம் ஏறக்குறைய 3,700 மீட்டர். நம் தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டாவை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் அதில் வைத்தால், உச்சியின் மேலும் ஒரு கிலோமீட்டர் உயரத்திற்குத் தண்ணீர் நிற்கும். இவ்வளவு பெரிய கடலை மனிதன் அசுத்தப்படுத்த முடியுமா என்று நம் முன்னோர்கள் எண்ணியதில் வியப்பில்லை. அந்த எண்ணத்திற்குக் கடலின் குணங்களே காரணமாக இருந்தன.

முதல் குணம், கரைத்துக்கொள்வது. ஒரு கிலோ கடல் நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா போன்ற பெரிய நதிகள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுவதால் நம் வங்கக் கடலில் உப்பு சற்றுக் குறைவு. மலைப்பாறைகளிலிருந்து நதிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சுமந்து வந்த தாதுக்கள் கடலில் கரைந்திருக்கின்றன. செத்த மீன், உதிர்ந்த இலை, மாலையில் இருந்த பூ, மரத்துண்டு ஆகிய எதுவானாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று, பிரித்து, மீண்டும் உரமாக்கிவிடுகின்றன. அந்த உரத்தில் நுண்ணிய பாசிகள் வளர்கின்றன. அவற்றைச் சின்னஞ்சிறு பிராணிகள் உண்கின்றன. அவற்றை மீன் உண்கிறது, மீனை நாம் உண்கிறோம்.

இரண்டாவது குணம், கனம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ எடையுள்ளது. ஒரு லிட்டர் கடல் நீரோ சுமார் 1,025 கிராம். ஆகவே கிணற்றில் மிதப்பதைக் காட்டிலும் கடலில் பொருள்கள் எளிதாக மிதக்கின்றன. நீந்தத் தெரிந்த பிள்ளைகள் இதை அனுபவத்தில் அறிவார்கள்.

மூன்றாவது குணம், ஓயாத நடமாட்டம். சென்னைக்கு அப்பால் உள்ள கரையோர நீரோட்டம் கோடையின் தொடக்கத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடுகிறது. அலைகள் கரை மணலை ஆண்டுக் கணக்கில் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்திற்காகக் கற்சுவர் எழுப்பியபோது, அந்த மணல் சுவருக்குத் தெற்கே தங்கி அகலமான மெரினாவாகியது. வடக்கே மணல் வரத்து நின்றதால் ராயபுரம் பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. ஓரிடத்தில் செய்தது இன்னோரிடத்தில் விளையும் என்பதற்கு நம் ஊரிலேயே இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

நான்காவது குணம், ஆழத்தின் குளிரும் இருளும். சூரிய வெளிச்சம் ஏறக்குறைய 200 மீட்டருக்குக் கீழே அநேகமாக எட்டுவதில்லை. நம் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் லட்சத்தீவின் கவரத்தியில் ஒரு குடிநீர் நிலையம் அமைத்தது. மேற்பரப்பு நீர் சுமார் 28 டிகிரி வெப்பமுள்ளது. சுமார் 350 மீட்டர் ஆழத்து நீரோ ஏறக்குறைய 12 டிகிரிதான். மேல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, அந்த ஆவியை ஆழத்து நீரால் குளிரவைத்து, நாள்தோறும் ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கும் வகையில் அதை அமைத்தார்கள். கடலின் குணத்தை அறிந்து நடந்தால் அது தாகத்தையும் தீர்க்கும் என்பதற்கு இது சாட்சி.

அந்தக் குணம் அறியாமல் நடந்தால் என்ன ஆகும்? இனி அதைப் பார்ப்போம்.

பிளாஸ்டிக் என்னும் புதிய பொருள்

பாலிதீன் 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ரசாயனக் கூடம் ஒன்றில் தற்செயலாகக் கிடைத்தது. 1950-இல் உலகம் முழுவதும் உற்பத்தியான பிளாஸ்டிக் சுமார் 20 லட்சம் டன். இன்று ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல். 2017-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, 2015 வரை மனிதன் செய்த பிளாஸ்டிக் மொத்தம் 830 கோடி டன். அதிலிருந்து கழிவானவற்றில் மறுசுழற்சிக்கு வந்தது நூற்றுக்கு 9 பங்கு, எரிக்கப்பட்டது 12 பங்கு. மீதி 79 பங்கு குப்பை மேட்டிலோ வெளியிலோ கிடக்கிறது. 2010-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் நிலத்திலிருந்து கடலுக்குப் போனது 48 லட்சம் டன்னுக்கும் 1 கோடியே 27 லட்சம் டன்னுக்கும் இடைப்பட்டது என்று 2015-இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

இதைக் கடல் ஏன் ஜீரணிக்கவில்லை? பிளாஸ்டிக்கின் உடல், கரியும் ஹைட்ரஜனும் நீண்ட சங்கிலியாகக் கோத்த உடல். கடலின் நுண்ணுயிர்கள் இலையையும் மீனையும் தின்னப் பழகியது கோடிக்கணக்கான ஆண்டுகளில். இந்தச் சங்கிலியோ நூறு ஆண்டுகூட ஆகாத புதுச் சரக்கு. அதை வேகமாக அறுத்துத் தின்னும் பல் கடலில் எந்த உயிருக்கும் இல்லை. நாம் முன்பு சொன்ன முதல் குணம் இங்கே தோற்றுப்போகிறது.

மற்றக் குணங்களோ குப்பைக்குத் துணைபோகின்றன. பாலிதீனும் பாலிபுரோப்பிலினும் கடல் நீரைவிட இலேசானவை. ஆகவே அவை மிதந்து நீரோட்டத்தோடு நெடுந்தூரம் பிரயாணம் செய்கின்றன. தண்ணீர் புட்டி செய்யும் பிளாஸ்டிக்கும், நைலான் வலையும், பி.வி.சி.யும் கனமானவை. அவை அடியில் போய்க் கிடக்கின்றன. மிதக்கும் பையிலும் நாளடைவில் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொண்டால் அதுவும் மூழ்கும். வெயில் பட்டால் பிளாஸ்டிக் நொறுங்குகிறது, ஆனால் மறைவதில்லை. ஒரு பை ஆயிரம் துண்டாகிறது, துண்டு தூளாகிறது. வெயிலும் வெப்பமும் எட்டாத ஆழத்திற்குப் போய்விட்டதோ, நொறுங்குவதற்கும் வழியில்லை. 1998-ஆம் ஆண்டிலேயே பசிபிக் சமுத்திரத்தின் மரியானா அகழியில், ஏறக்குறைய 10,900 மீட்டர் ஆழத்தில், ஒரு பிளாஸ்டிக் பையின் துண்டு படமெடுக்கப்பட்டிருக்கிறது. மனிதர் மிகச் சிலரே இறங்கிய இடத்திற்கு நம் கடைப் பை முன்னதாகவே போய்விட்டது.

ஆகவே எந்தக் குணங்களை நம்பிக் கடலில் எதையும் போடலாம் என்று நினைத்தோமோ, அதே குணங்கள் பிளாஸ்டிக்கைச் சுமந்து, தூளாக்கி, பத்திரமாக வைத்துக்கொள்கின்றன. கடலிலே போய்விட்ட பிறகு அதைத் திரும்ப எடுப்பது உப்பிலிருந்து சர்க்கரையைப் பொறுக்குவது போன்ற வேலை. தடுக்க வேண்டிய இடம் கடலுக்கு முன்னால்தான் இருக்கிறது. நமக்கு அந்த இடம் அடையாறு.

அடையாறு சொல்லும் கணக்கு

அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் நீளமுள்ள சிறிய ஆறு. ஆதனூர்ப் பக்கம் தோன்றி, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரையும் வாங்கிக்கொண்டு, மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக ஓடி, பட்டினப்பாக்கத்திற்குத் தெற்கே கடலில் கலக்கிறது. கிண்டியில் ஒரு பக்கத்து மழைநீர் இந்த ஆற்றிற்கும், இன்னொரு பக்கத்து நீர் வேளச்சேரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்கும் போகிறது. எப்பக்கம் போனாலும் முடிவு வங்கக் கடல்.

கோடையில் இந்த ஆறு ஓடுவதில்லை. முகத்துவாரத்தை மணல் திட்டு அடைத்துக்கொள்கிறது. ஆற்றிலும் கால்வாயிலும் நாம் எறிந்தவை மாதக்கணக்கில் அங்கேயே சேருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை வந்ததும் வெள்ளம் மணல் திட்டை உடைத்துக்கொண்டு, ஓராண்டுச் சேகரிப்பை ஒரே வாரத்தில் கடலில் கொண்டுபோய்க் கொட்டுகிறது.

இது வெறும் ஊகமன்று. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு மார்ச் மாதத்திலும், மழை தொடங்கிய பின் நவம்பர் மாதத்திலும், சென்னைக் கடற்கரை மணலைச் சலித்துப் பிளாஸ்டிக் குருணைகளைச் சேகரித்து ஆராய்ந்தார்கள் நம் நாட்டு விஞ்ஞானிகள் சிலர். குருணை என்பது பயறு அளவில் உள்ள மூலப்பொருள். குடம், பை, மூடி முதலிய எல்லாம் இந்தக் குருணையை உருக்கித்தான் செய்கிறார்கள். மார்ச்சில் இருந்ததைப்போல் மூன்று மடங்கு குருணை நவம்பரில் கிடைத்தது. அவற்றில் பெரும்பாலானவை பாலிதீனும் பாலிபுரோப்பிலினும். கூவமும் அடையாறும் நிலத்திலிருந்து அவற்றை அடித்துக்கொண்டு போயின என்றும், காற்றும் நீரோட்டமும் அவற்றைத் திரும்பக் கரையில் ஒதுக்கின என்றும் அவர்கள் 2016-இல் எழுதினார்கள்.

அதற்கடுத்த டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் ஈக்காட்டுத்தாங்கலும் நம் தொழிற்பேட்டையும் மூழ்கின. வெள்ளத்திற்குப் பல காரணங்கள் உண்டு. பிளாஸ்டிக் ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் பிளாஸ்டிக் அடைத்த கால்வாயில் தண்ணீர் வடியாது என்பதை விளக்க விஞ்ஞானி தேவையில்லை.

கடல் வரை போக வேண்டியதில்லை. கிண்டி வனத்தை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் இறந்த மான்களின் வயிற்றிலும் பிளாஸ்டிக் பை இருந்திருக்கிறது. வாயில்லா ஜீவனுக்குச் சோறு ஒட்டிய பையும் சோறாகத்தான் தெரியும்.

துன்பப்படுவோர் யார்?

கடலில் இந்தத் துன்பம் முதலில் வந்து சேர்வது மீனவர் வீட்டிற்கு. வலையை இழுத்தால் மீனோடு பை வருகிறது. அதைப் பிரித்தெடுக்க நேரம் போகிறது, வலை கிழிகிறது. அறுந்துபோன நைலான் வலை மூழ்கிய இடத்திலும் மீன் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பிடித்தது யாருக்கும் பயன்படுவதில்லை. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளில் இத்தகைய வலைகள் சிக்கிப் பவளத்தை மூடிக் கொல்வதைத் தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். நம் பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரைகளுக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு, தண்ணீரில் மிதக்கும் வெள்ளைப் பை சொறி மீன் போலத் தோன்றுகிறது.

2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதம் மூழ்கியது. அதிலிருந்த சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கொட்டியது. நீர்கொழும்பு முதலான கரைகளில் மணல் தெரியாதபடி வெள்ளைக் குருணை ஒதுங்கியது. மீன்பிடிக்கத் தடை வந்தது. அங்கே கடலை நம்பி வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நம்மைப்போன்ற கத்தோலிக்கக் குடும்பங்கள். 2025 மே மாதம் 25-ஆம் தேதி கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியபோதும் குருணை திருவனந்தபுரம் கரைக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டக் கரைக்கும் வந்து சேர்ந்தது. கடலோர மக்கள் அதை மணலிலிருந்து முறத்தாலும் சல்லடையாலும் பிரிக்க நேர்ந்தது.

நமக்கும் பங்கு உண்டு. 2018-இல் மும்பை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் கடையில் விற்கும் உப்பைச் சோதித்தபோது அதில் பிளாஸ்டிக் தூள் இருந்தது. தூத்துக்குடி உப்பளங்களின் உப்பிலும் பிறகு கண்டார்கள். நாம் எறிந்தது சுற்றிச் சுற்றி நம் சோற்றுக்கே வந்துவிட்டது.

எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம்?

பிளாஸ்டிக் முழுவதும் பாவம் என்று பேச நான் வரவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தப் பையும் ஊசியும் பிளாஸ்டிக். தண்ணீர்ப் பஞ்சத்தில் நம் தாய்மார்கள் லாரிக்காக வரிசையில் வைத்த குடமும் பிளாஸ்டிக். அந்தக் குடம் பல ஆண்டுகள் உழைக்கிறது, உடைந்தால் காயலான் கடைக்காரர் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார். விலை உள்ள பொருள் ஆற்றிற்குப் போவது அபூர்வம். யாரும் வாங்காத பொருள்தான் போகிறது: மெல்லிய பை, தெர்மோகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், உறிஞ்சு குழல், மிக்சர் பாக்கெட், ஷாம்பு பாக்கெட். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் விற்கும் யோசனை நம் கடலூரில் வளர்ந்தது. பெரிய புட்டி வாங்க இயலாத ஏழைக்கும் கிடைக்கட்டும் என்ற எண்ணத்தில் தீமையில்லை. ஆனால் காலிப் பாக்கெட்டை யார் திரும்ப வாங்குவது என்று அன்று கேட்கப்படவில்லை. பத்து நிமிஷம் பயன்பட்டு, விலையின்றிப் போகும் பொருளே நம் கவலைக்குரியது.

சட்டம் இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்குத் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கத்தை அரசு தொடங்கியது. 2022 ஜூலையிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரு தடை வந்தது. உலக நாடுகள் ஒரு பொது ஒப்பந்தம் செய்ய 2022-இல் தீர்மானித்தன. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடியும் உடன்பாடு காணாமல் பிரிந்தன. திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2018 செப்டம்பரில் தண்ணீரைப் பற்றி விடுத்த செய்தியில், கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கைக் குறித்துத் தனியாகவே எச்சரித்தார்கள். பெரியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யட்டும். நம் பங்கு என்ன செய்யலாம் என்று நான்கு யோசனைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, இந்த ஜூபிலி விருந்து. வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும் போதும். டம்ளர் கழுவ ஆள் வேண்டுமென்றால் இளைஞர் சங்கத்தினர் முன்வருவார்கள் என்று நம்புகிறேன். பிளாஸ்டிக் தோரணத்திற்குப் பதில் தென்னங்குருத்துத் தோரணம் கட்டலாம். பிளக்ஸ் பானருக்குப் பதில் துணியில் எழுதலாம். எழுதத் தெரிந்த கை நம் பங்கில் உண்டு.

இரண்டு, ஆகஸ்ட் 29-ஆம் தேதி பெசன்ட் நகர் மாதா கோவில் கொடியேற்றம். நடந்து செல்லும் பக்தர்களுக்குத் தாகம் தீர்ப்பது புண்ணியம். அதைத் தண்ணீர்ப் பாக்கெட்டில் கொடுத்தால் பாக்கெட் சாலையோரக் கால்வாயில் விழுகிறது. அடுத்த மழையில் அது மாதாவின் கோவிலுக்கு எதிரேயுள்ள கடலுக்கே போகிறது. நாம் பந்தல் போடும் இடத்தில் அண்டாவும் டம்ளரும் வைப்போம்.

மூன்று, வீட்டில் பிரித்து வைப்பது. பால் பாக்கெட்டின் மூலையைத் தனியாக வெட்டி எறியாதீர்கள். அந்தச் சிறு துண்டு எந்தச் சல்லடையிலும் அகப்படாமல் போய்விடும். மூலை ஒட்டியிருக்கும்படி வெட்டி, கழுவிக் காயவைத்தால் பாக்கெட்டுக்கு விலை உண்டு. மற்றதைத் தூய்மைப் பணியாளரிடம் ஈரக் குப்பையோடு கலக்காமல் கொடுங்கள். அவர்கள் கையால் பிரிக்கும் வேலையை நாம் நம் கையால் செய்தால் அது அவர்களுக்குச் செய்யும் மரியாதையும் ஆகும்.

நான்கு, காலம் அறிந்து செய்வது. ஆண்டு முழுவதும் சேருவது ஒரு வார வெள்ளத்தில் கடலுக்குப் போகிறது என்று பார்த்தோம். கடற்கரையைச் சுத்தம் செய்ய இளைஞர்கள் போவது நல்லதுதான். ஆனால் வெள்ளம் போன பிறகு கரையில் ஒதுங்குவது, போனதில் ஒரு பகுதியே. மழை தொடங்குவதற்கு முன், செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், ஒவ்வொரு அன்பியமும் தன் தெருவில் சிதறிக் கிடக்கும் பிளாஸ்டிக்கைச் சேகரித்து, மழைநீர்க் கால்வாய் அடைத்திருந்தால் மாநகராட்சிக்கு எழுதிக் கொடுக்கட்டும். அன்று ஒரு மூட்டை தடுத்தால், பின்னர் எந்தக் கப்பலாலும் எடுக்க முடியாத ஒரு மூட்டையைத் தடுத்தவர்கள் ஆவோம்.

இத்தனை ஜனத்தொகை உள்ள நகரத்தில் ஒரு பங்கு இதைச் செய்து என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் நமக்குக் கீழே இருக்கின்றன; முகத்துவாரத்தில் மீனவக் குடும்பங்கள் வலை விரிக்கின்றன. நாம் விடாத குப்பை அவர்கள் வாசலுக்குப் போகாது. அந்த அளவு நிச்சயம்.

பங்குத் தந்தை அவர்கள் அனுமதித்தால் இந்த நான்கையும் பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் விவாதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.